அமெரிக்காவில் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ நிலம் வாங்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டல்லஸ், ஹூஸ்டன், செயின்ட் லூயிஸ் பக்கம் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு இந்த ஆசை உண்டு. நகரத்திலிருந்து மூன்று நான்கு மணி நேரத் தொலைவில் பத்து இருபது ஏக்கர், அதில் ஒரு மரக் கேபின், நாலு கோழி, முடிந்தால் நவம்பரில் மான் வேட்டை. ஊரிலேயே வாங்கலாமே என்றால் என்.ஆர்.ஐ., ஓ.சி.ஐ. ஆட்கள் இந்தியாவில் விவசாய நிலமோ பண்ணை வீடோ கிரயம் வாங்க முடியாது, வாரிசாக வந்தால் மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதனால் பார்வை இங்கே திரும்புகிறது. மிசௌரி, ஆர்கன்சா மாநிலங்களில் பரவியிருக்கும் ஓசார்க் மலைப்பகுதியையும் டெக்சஸையும் வைத்தே பெரும்பாலும் பதில் சொல்கிறேன்.

‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்றால் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாமா?

இல்லை. விற்பவர் அந்த வார்த்தையைப் போடும்போது பெரும்பாலும் ஒன்றைத்தான் சொல்கிறார்: இந்த நிலத்தின் பத்திரத்தில் தனியார் நிபந்தனை எதுவும் ஏற்றப்படவில்லை, எச்.ஓ.ஏ. (வீட்டுக்காரர் சங்கம்) கிடையாது. அதாவது வீடு இத்தனை சதுர அடிக்குக் குறையக்கூடாது, மொபைல் ஹோம் வைக்கக்கூடாது, பன்றி வளர்க்கக்கூடாது என்று முன்பு பிளாட் போட்டு விற்ற கம்பெனி எழுதி வைத்த விதிகள் இல்லை. அரசாங்கத்தின் விதிகள் வேறு கணக்கு. கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஜோனிங், அதாவது எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற விதி, கட்டட விதி, செப்டிக் விதி, வெள்ளப் பகுதி விதி, ஈரநிலத்தை நிரப்புவதற்கு ராணுவப் பொறியாளர் பிரிவின் அனுமதி, இவை எதுவும் விளம்பரத்தைப் பார்த்து விலகிப் போவதில்லை.

தனியார் நிபந்தனை இல்லை என்பதையாவது நம்பலாமா என்றால், அதையும் நம்பாதீர்கள். ஒருமுறை பதிவான நிபந்தனை நிலத்தோடு கைமாறிக்கொண்டே வரும். நாற்பது வருடத்துக்கு முன் யாரோ எழுதியது உங்களையும் கட்டும். ஏஜென்ட்டுக்கு அது தெரியாமலே இருக்கலாம். கவுண்டி ரெக்கார்டர் அலுவலகத்தில் மூலப்பத்திரம் வரை பின்னோக்கிப் பார்க்க வேண்டும், அல்லது உரிமை ஆவணங்களைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனியிடம் காசு கொடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். நம்மூரில் வில்லங்கம் பார்க்காமல் யாராவது அட்வான்ஸ் கொடுப்பார்களா?

எந்த மாநிலத்தில் கெடுபிடி குறைவு?

மாநிலத்தைப் பார்க்காதீர்கள், கவுண்டியைப் பாருங்கள். மிசௌரியில் 114 கவுண்டிகள். தெற்கே ஓசார்க்கில் இருக்கும் பல கவுண்டிகளில் ஜோனிங் என்ற ஒன்றே இல்லை, வீடு கட்ட பெர்மிட்டும் கேட்பதில்லை. ஆர்கன்சாவின் கிராமக் கவுண்டிகளும் பெரும்பாலும் இப்படித்தான். டெக்சஸில் நகர எல்லைக்கு வெளியே கவுண்டிகளுக்குப் பொதுவாக ஜோனிங் அதிகாரமே கிடையாது, ஆனால் நகரத்தை ஒட்டிய வளையத்துக்குள் நிலம் இருந்தால் மனை பிரிப்பதற்கு நகரத்தின் விதி பாயும். டென்னசியில் கவுண்டிக்குக் கவுண்டி மாறும்.

நிலத்தின் பார்சல் எண்ணை (கவுண்டிப் பதிவில் அந்த நிலத்துக்குரிய எண்) கையில் வைத்துக்கொண்டு கவுண்டி அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு இப்படிக் கேளுங்கள்: “இந்தப் பார்சல் எண்ணில் 400 சதுர அடிக்கு ஒரு கேபின் கட்ட என்னென்ன அனுமதி வேண்டும், ஆர்.வி.யில் (தங்கும் வசதியுள்ள வண்டி) எத்தனை நாள் தங்கலாம், செப்டிக் யார் பார்க்கிறார்கள்?” பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும், பார்சல் எண்ணைச் சொல்லிக் கேட்டால் எதிர்முனையில் இருப்பவர் கணினியைத் திறப்பார்.

இன்னொன்று. மிசௌரியில் டெக்சஸ் என்று ஒரு கவுண்டி இருக்கிறது, அதன் தலைமையிடம் பெயர் ஹூஸ்டன். இணையத்தில் ‘ஹூஸ்டன், டெக்சஸ் கவுண்டி, 20 ஏக்கர்’ என்று பார்த்துவிட்டு டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டன் பக்கம்தானே என்று கிளம்பிவிடாதீர்கள்.

சில இடங்களில் ஐந்து ஏக்கர் ஒரு பழைய கார் விலைக்கு வருகிறதே, எப்படி?

தண்ணீர் இல்லை, அல்லது போக வழி இல்லை, அல்லது இரண்டும் இல்லை. கொலராடோவின் சான் லூயிஸ் பள்ளத்தாக்கு, அரிசோனாவின் வடகிழக்கு மூலை, இங்கேயெல்லாம் படத்தில் மலையும் வானமும் பிரமாதமாக இருக்கும். கொலராடோவில் போர் போட்டுத் தண்ணீர் எடுப்பது உங்கள் இஷ்டம் இல்லை. மேற்கு மாநிலங்கள் பலவற்றில் நீருரிமை தனிச் சொத்து, யார் முதலில் எடுத்துப் பயன்படுத்தினாரோ அவருக்கே முன்னுரிமை. கொலராடோவில் 35 ஏக்கருக்குக் குறைவான நிலமென்றால் பல பகுதிகளில் வீட்டுக்குள் புழங்க மட்டும்தான் கிணற்று அனுமதி, வெளியே கத்தரிச் செடிக்கு ஊற்றினாலும் விதிமீறல். மழைநீரைப் பிடித்து வைக்கக்கூட 2016-இல்தான் சட்டம் வந்தது, அதுவும் இரண்டு பீப்பாய், மொத்தம் 110 கேலன். பலர் டேங்கரில் தண்ணீர் கொண்டு வந்து காலம் தள்ளுகிறார்கள். சொந்த நிலத்தில் பயிர் வைத்து வாழும் ஹோம்ஸ்டெட் கனவோடு இருப்பவருக்கு அந்த நிலத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தூக்கத்தைக் கெடுக்கும் மலிவு அது.

போகிற பாதையில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும், ஆனால் எல்லோரும் கடைசியில் பார்க்கிறார்கள். மண் ரோடு ஒன்று நிலம் வரை போகிறது என்பதும், அதில் போக உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது என்பதும் வேறு வேறு. பக்கத்துக்காரர் இதுவரை கண்டுகொள்ளாமல் விட்டிருக்கலாம்; அவர் விற்றுவிட்டுப் போனால் வாங்கியவர் மறுநாளே கேட்டைப் பூட்டுவார். பாதை உரிமை, அதாவது ஈஸ்மென்ட், எழுத்தில் பதிவாகியிருக்க வேண்டும். எத்தனை அடி அகலம், அதில் மின்கம்பம் நடலாமா, யார் செப்பனிட வேண்டும் என்பதும் அதில் இருந்தால் நல்லது.

நேரில் போகும்போது கேட்டின் சங்கிலியைப் பாருங்கள். ஒரு பூட்டு இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து பூட்டுகள் ஒன்றோடொன்று கோத்துத் தொங்கினால் அந்தப் பாதையில் நாலைந்து பேருக்குச் சாவி இருக்கிறது என்று அர்த்தம்: வேட்டை குத்தகைக்காரர், மரம் வெட்டுபவர், பின்னால் இருக்கும் நிலத்துக்காரர், மின்சாரக்காரர். ஒவ்வொருவரும் யார் என்று விற்பவரிடம் கேளுங்கள்.

ஓசார்க்கில் இன்னொரு தொல்லை, ஓடையைக் கடக்கும் தரைப்பாலம். பாலம் என்று சொல்கிறேனே தவிர ஓடைப் படுகையில் போட்ட கான்கிரீட் பலகைதான் அது. வெயில் நாளில் கால் நனைய நடந்து போகலாம். இரவு முழுக்க மழை பெய்தால் காலையில் அதன் மேல் இடுப்பளவு கலங்கல் தண்ணீர் ஓடும், வடியும்வரை உள்ளே இருப்பவர் உள்ளேதான். பக்கத்தில் மட்டக்கோல் நட்டிருந்தால் அதில் சேறு எவ்வளவு உயரத்தில் காய்ந்திருக்கிறது என்று பாருங்கள். இல்லையென்றால் மரக்கிளைகளில் சருகு எந்த உயரத்தில் சிக்கியிருக்கிறது என்று பாருங்கள்.

செப்டிக், தண்ணீர், கரண்ட்: மூன்றுக்கும் எவ்வளவு ஆகும்?

இடத்துக்கு இடம் மாறும், அதனால் நான் தொகை சொல்லப் போவதில்லை. எதனால் கூடும் என்று சொல்கிறேன்.

செப்டிக்கில் மண்தான் ராஜா. குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது என்று பார்ப்பார்கள், அல்லது மண் நிபுணர் வந்து மண்ணடுக்கைப் பார்ப்பார். ஓசார்க்கில் பல மேடுகளில் ஒரு சாண் மண்ணுக்குக் கீழே சக்கிமுக்கிக் கல்லும் சுண்ணாம்புப் பாறையும்தான், கடப்பாரை கணீரென்று துள்ளும். களிமண்ணோ பாறையோ வந்தால் சாதாரண செப்டிக் சரிப்படாது, மேடு கட்டியோ காற்று செலுத்தும் கருவி வைத்தோ செய்ய வேண்டும், செலவு பல மடங்கு. மிசௌரியில் 3 ஏக்கருக்குக் குறையாத இடத்தில் ஒரு குடும்ப வீடு என்றால் மாநில பெர்மிட்டிலிருந்து பொதுவாக விலக்கு உண்டு, டெக்சஸில் 10 ஏக்கருக்கு அப்படி ஒரு விலக்கு உண்டு, எல்லையிலிருந்து 100 அடி தள்ளி இருப்பது போன்ற நிபந்தனைகளோடு. ஆனால் கவுண்டி இதைவிடக் கடுமையாக விதி வைத்துக்கொள்ளலாம், வைத்திருக்கவும் செய்கிறது. பெர்மிட் வேண்டாம் என்பதால் கழிவுநீர் பக்கத்து நிலத்துக்குப் போகலாம் என்று ஆகிவிடாது. மத்திய விவசாயத் துறையின் ‘வெப் சாயில் சர்வே’ தளத்தில் உங்கள் நிலத்தின் மண் வகையை இலவசமாகவே பார்க்கலாம், முன்பணம் கொடுக்கும் முன்பு அரை மணி நேரம் அதில் செலவழியுங்கள்.

தண்ணீருக்கு அக்கம்பக்கத்துப் போர்கள் எத்தனை அடியில் என்று மாநிலப் பதிவுகளில் தேடினால் கிடைக்கும். சுண்ணாம்புப் பாறைப் பூமியில் தண்ணீர் வடிகட்டப்படாமல் விரிசல் வழியே ஓடும், மேலே ஒரு பள்ளத்தில் யாரோ கொட்டிய குப்பை கீழே உங்கள் கிணற்றில் வந்து சேரலாம். பாக்டீரியா பரிசோதனை செய்யாமல் குடிக்காதீர்கள், ஊற்று பளிங்குபோல் இருந்தாலும் சரி.

கரண்ட் கிராமப்புறத்தில் பெரும்பாலும் கூட்டுறவு நிறுவனங்கள்தான் தருகின்றன. கடைசிக் கம்பத்திலிருந்து உங்கள் கேபின் எவ்வளவு தூரம் என்பதே கேள்வி. ரோட்டோரம் கம்பம் போகிறது என்று விளம்பரம் சொல்லும், உங்கள் கட்டடம் உள்ளே கால் மைல் என்றால் இடையில் எத்தனை கம்பம், எத்தனை மரம் வெட்ட வேண்டும்? எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். சோலார் போட்டுக்கொள்கிறேன் என்பவர்களுக்கு ஒன்று: விளக்கு, செல்போன், சின்ன ஃப்ரிட்ஜுக்குச் சரி, ஆகஸ்ட் மாத ஏசிக்கு பேட்டரி வாங்கி மாளாது.

வெள்ள விதி ஜோனிங் இல்லாத கவுண்டிக்கும் உண்டா?

உண்டு. தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த கவுண்டி எதுவானாலும், வெள்ளப் பகுதியில் கட்ட தனி அனுமதி கேட்டே ஆக வேண்டும். ஆற்றோரக் கேபின் ஆசை பெரும்பாலும் இங்கேதான் முட்டி நிற்கிறது. ஃபெமா (மத்திய அரசின் பேரிடர் நிர்வாக அமைப்பு) வரைபடத்தில் முகவரி போட்டாலே தெரிந்துவிடும்.

கட்டாமல், ரெடிமேட் ஷெட்டைக் கொண்டுவந்து இறக்கிக் குடியிருக்கலாமா?

பெர்மிட் கேட்காத கவுண்டிகளில் நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். லாரியில் வரும், ஒரே நாளில் இறக்கிவிட்டுப் போவார்கள், உள்ளே இன்சுலேஷனும் ஒயரிங்கும் நீங்கள் செய்துகொள்ள வேண்டும். வாழ்வதற்குத் தடை வராமல் போகலாம், ஆனால் காப்பீடு கிடைப்பது கஷ்டம், பின்னால் விற்கும்போது வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைப்பது அதைவிடக் கஷ்டம். பழைய மொபைல் ஹோம் வாங்குவதாக இருந்தால் 1976 ஜூன் 15-க்கு முன்னால் செய்ததா என்று பாருங்கள். அன்றைக்குத்தான் மத்திய அரசின் தர விதி அமலுக்கு வந்தது. அதற்கு முந்தையதை இடம் மாற்றுவதும் காப்பீடு செய்வதும் தலைவலி.

பத்திரத்தில் என்ன பார்ப்பது?

‘வாரண்டி டீட்’ கேளுங்கள், அதில் உரிமைக்கு விற்பவர் பொறுப்பேற்கிறார். ‘குயிட்கிளைம்’ என்றால் “எனக்கு ஏதாவது உரிமை இருந்தால் அதை உனக்குத் தருகிறேன்” என்பதுதான், உரிமையே இல்லாவிட்டாலும் எழுதிக் கொடுக்கலாம். உரிமையில் பிற்பாடு வில்லங்கம் வந்தால் காக்கும் டைட்டில் காப்பீடு எடுங்கள்.

டெக்சஸ், ஓக்லஹோமா, ஆர்கன்சாவின் சில பகுதிகளில் மேல்மண் ஒருவருக்கும் அடியில் இருக்கும் எண்ணெய், வாயு, கனிமம் இன்னொருவருக்கும் சொந்தமாக இருப்பது சகஜம். டெக்சஸ் சட்டத்தில் அடிநில உரிமைக்குத்தான் மேல் கை: துரப்பணம் போட நியாயமான அளவு உங்கள் நிலத்தில் ரோடு போடலாம், இடம் எடுத்துக்கொள்ளலாம். சின்ன நிலம் என்றால் மேற்பரப்பைத் தொடமாட்டோம் என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

சர்வே செய்யாமல் வாங்காதீர்கள். மிசௌரி, ஆர்கன்சா எல்லாம் 1785-இல் வந்த சதுர அளவை முறையில் வரும் நிலங்கள்: ஒரு மைல் சதுரம் ஒரு செக்‌ஷன், அது 640 ஏக்கர், அதன் பதினாறில் ஒன்று 40 ஏக்கர். அதனால்தான் விளம்பரங்களில் நாற்பது நாற்பதாக வருகிறது. டெக்சஸில் இந்த முறை இல்லை, ஸ்பானியர் காலத்து ‘வாரா’ என்ற நீள அளவுக் கணக்கில் பழைய பத்திரங்கள் இருக்கும். வேலி இருக்கும் இடம்தான் எல்லை என்று எந்த மாநிலத்திலும் எடுத்துக்கொள்ள வேண்டாம், மாடு நிற்பதற்காகப் போட்ட வேலி அது.

விற்பவரே தவணையில் தருகிறேன் என்கிறார், நல்லதா?

காலி நிலத்துக்கு வங்கிகள் கடன் தரத் தயங்கும், முன்பணமும் அதிகம் கேட்கும், அதனால் இந்த வழி பிரபலம். இதில் இரண்டு வகை. பத்திரத்தை இன்றே உங்கள் பேரில் எழுதிக் கொடுத்து நிலத்தை அடமானமாக வைத்துக்கொள்வது ஒன்று, அது பரவாயில்லை. ‘கான்ட்ராக்ட் ஃபார் டீட்’ என்பது இன்னொன்று, கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் அவர் பேரிலேயே இருக்கும். இடையில் இரண்டு தவணை தவறினால் அதுவரை கட்டியதோடு நிலமும் போகலாம். அவருக்குக் கடன் இருந்தால் அதுவும் நிலத்தின் மேல் வந்து உட்காரும். ‘முன்பணம் 99 டாலர், கிரெடிட் பார்க்க மாட்டோம்’ ரகம் பெரும்பாலும் இதுதான். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை.

வரி பாக்கி ஏலமும் அடிக்கடி கேட்கிறார்கள். மிசௌரியில் ஆகஸ்ட் நான்காவது திங்கட்கிழமை கவுண்டிகளில் நடக்கும். அங்கே கையில் கிடைப்பது நிலம் இல்லை, சான்றிதழ். பழைய சொந்தக்காரர் பணம் கட்டி மீட்டுக்கொள்ள அவகாசம் உண்டு. முதல் நிலத்தை இப்படி வாங்க வேண்டாம்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன், வாங்கலாமா?

நிலம் வாங்க விசா பொதுவாகத் தடை இல்லை, ஆனால் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. 1978-ஆம் ஆண்டின் ஒரு மத்தியச் சட்டப்படி, குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் விவசாய நிலமோ மர வளர்ப்பு நிலமோ வாங்கினால் 90 நாளுக்குள் விவசாயத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். சும்மா கிடக்கும் நிலம்தானே என்றாலும், கடந்த ஐந்து வருடத்தில் வைக்கோலுக்கு விட்டிருந்தால்கூட அது விவசாய நிலம். மொத்தம் 10 ஏக்கருக்குள், விளைச்சல் வருமானமும் வருடம் 1000 டாலரைத் தாண்டாமல் இருந்தால் விலக்கு. தெரிவிக்காவிட்டால் அபராதம் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை போகலாம். இதுபோக மாநிலச் சட்டங்கள் தனி, அயோவா போன்ற இடங்களில் கடுமையான தடையே உண்டு, மற்ற பல மாநிலங்கள் இப்போது புதிதாகச் சட்டம் போட்டுக்கொண்டிருக்கின்றன. இதற்கு மட்டும் அந்த மாநில வக்கீலுக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை.

துப்பாக்கியிலும் கவனம். எச்-1பி போன்ற தற்காலிக விசாக்காரர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம், மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது முக்கியமான விலக்கு. நண்பரின் துப்பாக்கியை ‘சும்மா ஒரு தடவை’ வாங்கிச் சுடுவதற்கும் இதுதான் விதி. கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை.

வேட்டைக்கு எத்தனை ஏக்கர் வேண்டும்? என் நிலத்து மான் என்னுடையதுதானே?

இல்லை, மான் மாநிலத்துக்குச் சொந்தம். லைசென்ஸ், பருவம், எத்தனை சுடலாம் என்பதெல்லாம் உங்கள் நிலத்திலும் பொருந்தும். சொந்த நிலத்துக்குச் சலுகை தரும் மாநிலங்கள் உண்டு, அதுவும் அந்த மாநிலத்தில் குடியிருப்பவருக்குத்தான் பெரும்பாலும். டெக்சஸில் காட்டுப் பன்றிக்கு மட்டும் 2019-லிருந்து தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதம் இருந்தால் லைசென்ஸே வேண்டாம், பன்றித் தொல்லை அங்கே அப்படி.

ஏக்கர் கணக்குக்கு வருவோம். சதுரமான 40 ஏக்கரின் நடுவில் நின்றால் எல்லை எந்தப் பக்கமும் 660 அடிதான். குண்டு அதைத் தாண்டிப் பறக்கும், அடிபட்ட மானும் அதைத் தாண்டி ஓடும், பக்கத்து நிலத்தில் விழுந்தால் அவர் அனுமதி இல்லாமல் போய் எடுக்கக்கூடாது. அப்படியிருக்க 5 ஏக்கரை ‘வேட்டைச் சொர்க்கம்’ என்று விற்பது சுத்த ஏமாற்று. வில் வேட்டை என்றால் சின்ன இடத்திலும் சமாளிக்கலாம். மிசௌரியின் மார்க் ட்வைன் தேசியக் காட்டை ஒட்டிய நிலம் என்றால் பின்னால் பொதுக் காடு கிடைக்கும், ஆனால் அந்தக் காட்டுக்கு மற்றவர்களும் வருவார்கள்.

மரத்தில் ஊதா நிறப் பட்டை அடித்திருந்தால் அது அழகுக்காக இல்லை. மிசௌரியிலும் டெக்சஸிலும் அதுதான் ‘உள்ளே வராதே’ பலகை: குறைந்தது 8 அங்குல நீளம், தரையிலிருந்து 3 முதல் 5 அடி உயரத்தில், காட்டில் 100 அடிக்கு ஒன்று. உங்கள் எல்லையிலும் நீங்கள் இதையே அடிக்கலாம், பலகையைப் பிடுங்கிப்போட்டுவிட்டு வந்தவரும் பெயின்ட்டைப் பிடுங்க முடியாது.

அக்கம்பக்கம் எப்படி இருக்கும்?

உங்களுக்கு விதி இல்லை என்றால் அவருக்கும் இல்லை. ஆயிரக்கணக்கான பன்றிகள் அடைத்த கொட்டகை, பழைய கார்க் கிடங்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில் துப்பாக்கி பழகும் மேடு, எதுவும் வரலாம், கவுண்டியில் போய்க் கேட்க ஜோனிங் அலுவலகமும் கிடையாது. வாங்கும் முன் பக்கத்து வீடுகளில் போய்ப் பேசிவிடுங்கள். கேட்டைத் தாண்டி உள்ளே நடக்காமல் வெளியே நின்று குரல் கொடுங்கள். ஓசார்க்கில் ஜனங்கள் நல்லவர்கள், முன்பின் சொல்லாமல் முற்றத்தில் வந்து நிற்பவரைத்தான் பிடிக்காது. நிலத்தைப் பற்றி ஏஜென்ட் சொல்லாத கதையெல்லாம் அந்தப் பேச்சில் வரும்.

எந்த மாதம் போய்ப் பார்ப்பது?

இலை உதிர்ந்த பிறகு, அதுவும் ஒரு நல்ல மழைக்கு மறுநாள். நிலத்தின் மேடு பள்ளம், பழைய குப்பை, பக்கத்து வீட்டு வெளிச்சம் எல்லாம் அப்போதுதான் தெரியும். கோடையில் போனால் உண்ணி. அங்கே ‘லோன் ஸ்டார்’ என்றொரு உண்ணி கடித்தால் சிலருக்கு ஆடு, மாடு, பன்றி இறைச்சி ஒவ்வாமல் போய்விடுகிறது, சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்துத் தடிப்பும் மூச்சிரைப்பும் வரும். மட்டன் பிரியாணிப் பிரியர்கள் பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளவும்.

அரசாங்கம் இலவசமாக நிலம் தருகிறதாமே?

தந்தது. 1862-இன் ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கரில் ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் சொந்தம். 1976-இல் அதை ரத்து செய்துவிட்டார்கள், அலாஸ்காவில் மட்டும் 1986 வரை இருந்தது. இலவசமாகக் கொடுத்த நிலம் எங்கிருந்து வந்தது என்பது தனிக் கதை. ஓசார்க்கின் பெரும்பகுதி 1808 ஒப்பந்தம் வரை ஓசேஜ் பழங்குடி மக்களுடையது.

வாங்கிச் சும்மா போட்டு வைக்கலாமா?

போடலாம், ஆனால் வருடம் ஒருமுறையாவது எல்லையைச் சுற்றி நடங்கள். வெள்ளை ஓக், கருப்பு வால்நட் மரங்கள் நல்ல விலை போகும், ஆள் இல்லாத இடத்தில் இரவோடு இரவாக வெட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மிசௌரியில் ஒருவர் பத்து வருடம் தொடர்ந்து, வெளிப்படையாக, தன்னுடையதுபோல் உங்கள் இடத்தை அனுபவித்தால் உரிமை கோர முடியும். டெக்சஸில் விவசாயக் கணக்கில் குறைந்த வரி கட்டிவந்த நிலத்தை நீங்கள் வேறு உபயோகத்துக்கு மாற்றினால் கடந்த மூன்று வருட வித்தியாசத்தையும் கேட்பார்கள். 5 முதல் 20 ஏக்கர் வரை தேனீ வளர்த்தே அந்தச் சலுகையைப் பெறும் வழியும் அங்கே இருக்கிறது, விதிமுறை கவுண்டிக்குக் கவுண்டி மாறும். முக்கியமாக, வீடு மாறும்போது கவுண்டி வரி அலுவலகத்தில் முகவரியை மாற்றுங்கள். நோட்டீஸ் பழைய அபார்ட்மென்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தால் மேலே சொன்ன ஆகஸ்ட் ஏலத்தில் உங்கள் நிலமும் இருக்கும்.